காய்ச்சலும் பாய்ச்சலும்

‘தாவரங்கள் கார்பன் டைஆக்ஸைடை எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியிடுகின்றன.’ தொடக்கப் பள்ளியில் நாம் சொல்லத் தொடங்கும் இந்த வரி பத்தாம் வகுப்பு வரை மாணவர்களோடு வருகிறது. வரியில் தவறில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி சொல்லப்படாமல் போவதால், பச்சையாக இருப்பதெல்லாம் காற்றுக்கு ஒரே மாதிரி நன்மை செய்கிறது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுகிறார்கள். புவி வெப்பமாதல் பாடத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் ‘மரம் நடுவோம்’ என்றே விடை எழுதுகிறார்கள்.

நான் பாடம் நடத்துவது திருவாண்டார்கோயில் பகுதியில். புதுச்சேரி – விழுப்புரம் சாலையை விட்டு இறங்கி, வடுகீஸ்வரர் கோயிலைத் தாண்டி நடந்தால் நெல் வயல், கரும்பு, மணிலாக்கொல்லை, சவுக்குத் தோப்பு, ஏரிக்கரைப் பனை என்று எல்லாம் ஒரே நடையில் கண்ணில் படும். எல்லாம் பச்சைதான். ஆனால் காற்றோடு இவை வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுபோல இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை எப்படிப் புரியவைக்கலாம் என்பதை நம் ஊர்களிலிருந்தே எடுத்து இங்கே பகிர்கிறேன்.

வளிமண்டலம் ஓர் ஏரி

ஏரி என்றால் நம் மாணவர்களுக்கு வரத்துக்கால், மதகு, கலங்கல் மூன்றும் தெரியும். பக்கத்து ஊரான மதகடிப்பட்டின் பெயரிலேயே மதகு இருக்கிறது. ஏரியின் நீர்மட்டத்தை, எவ்வளவு நீர் வருகிறது என்பதும் எவ்வளவு போகிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வளிமண்டலமும் அப்படித்தான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 280 ஆக இருந்த கார்பன் டைஆக்ஸைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவது வரத்துக்கால். மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றுவதில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாவரங்களும் மண்ணும், கால் பங்கைக் கடலும் எடுத்துக்கொள்கின்றன. இவை இரண்டும் மதகுகள். மீதி ஏரியிலேயே தங்குகிறது.

நிலம் என்ற மதகு ஒரே அளவில் திறந்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல். கடும் வெப்பம் நிலவிய 2023-இல் உலகின் நிலப்பரப்பு எடுத்துக்கொண்ட கார்பன் வெகுவாகக் குறைந்துபோனது. வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை குறையும். சுவாசமும் மண்ணில் மட்குதலும் வெப்பத்தால் வேகமெடுக்கும். வரவு குறைந்து செலவு கூடும்.

தாவரமும் சுவாசிக்கிறது என்பதை நாம் இரண்டொரு வரிகளில் கடந்துவிடுகிறோம். இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வதை மட்டும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். (திறந்த வெளியில் காற்று கலைந்துவிடும், மூச்சு முட்டும் அளவுக்கு அங்கே எதுவும் சேராது. பேய்க்கும் அறிவியலுக்கும் நடுவில் அந்தப் புளியமரம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.) ஒரு காட்டில் பகலில் உள்ளே போகும் கார்பனில் பெரும்பகுதி, இலை, வேர், மண் நுண்ணுயிர் ஆகியவற்றின் சுவாசத்தில் திரும்பி வெளியே வந்துவிடுகிறது. மிஞ்சும் சிறு பகுதிதான் தண்டாகவும் வேராகவும் மண்ணின் மட்காகவும் சேர்கிறது.

மிஞ்சுவதை எப்படி அளப்பது? இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெற்கே பிச்சாவரத்தில் இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டில், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கோபுரம் அமைத்து ஆய்வு செய்துள்ளன. மர உச்சிக்கு மேலே ஒரு கருவி, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்று நொடிக்குப் பல முறை பார்க்கிறது. இன்னொரு கருவி அதே கணத்தில் அந்தக் காற்றில் எவ்வளவு கார்பன் டைஆக்ஸைடு இருக்கிறது என்று பார்க்கிறது. கீழே இறங்கும் காற்றில் அதிகமும் மேலே போகும் காற்றில் குறைவும் இருந்தால், இடையில் காடு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடைவாசலில் உள்ளே போகும் பையையும் வெளியே வரும் பையையும் எடை போட்டு விற்பனையைக் கண்டுபிடிப்பது போன்றதுதான். பகலும் இரவும், கோடையும் மழையும் எப்படி மாறுகின்றன என்பதை இந்த முறையில்தான் காண முடியும்.

இருப்பு வேறு, ஓட்டம் வேறு

நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய காடு ஒன்று உண்டு. உலர் பசுமைமாறாக் காடு. வீரை, பாலை, காயா போன்ற மரங்களும் தடித்த கொடிகளும் பின்னி நிற்கும் இந்தக் காடு இன்று பெரும்பாலும் கோயில்காடுகளாகவே மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் போகும் சாலையில் உள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு பலரும் பார்த்திருக்கக்கூடியது. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ந. பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்து இப்படிப்பட்ட காடுகளில் மரம் மரமாகச் சுற்றளவு அளந்திருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்த பத்து காடுகளில் தரைக்கு மேலுள்ள உயிர்ப்பொருள் ஹெக்டேருக்குச் சுமார் 40 டன் முதல் 170 டன் வரை இருந்தது. இதில் ஏறத்தாழப் பாதி கார்பன்.

இந்த எண்ணை வகுப்பில் சொன்னால், ‘இவ்வளவையும் ஒவ்வொரு வருஷமும் இழுக்குதா?’ என்று ஒரு மாணவராவது கேட்பார். இல்லை. அது ஏரியில் தேங்கி நிற்கும் நீர் போன்ற இருப்பு. முதிர்ந்த காட்டில் ஆண்டு வரவும் செலவும் அநேகமாக நெருங்கியே இருக்கும். அதன் மதிப்பு அது இழுப்பதில் மட்டும் இல்லை. பல தலைமுறையாகச் சேர்த்ததை வெளியே விடாமல் வைத்திருப்பதிலும் இருக்கிறது. வெட்டி எரித்தால் நூறாண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் காற்றுக்குப் போய்விடும்.

சவுக்கு இதற்கு நேர்மாறு. வேர் முடிச்சுகளில் உள்ள பிராங்கியா என்ற நுண்ணுயிரியால் நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்திக்கொண்டு வேகமாக வளரும். வேகமாகக் கார்பனை எடுக்கும். நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுவோம். கம்பாகப் போனது சில ஆண்டுகள் பந்தலைத் தாங்கும். காகிதக்கூழாகவோ விறகாகவோ போனது சீக்கிரமே திரும்பிவிடும். ஓட்டம் அதிகம், இருப்பு குறைவு. கோயில்காட்டை அழித்துவிட்டு அதே பரப்பில் சவுக்கு நட்டு ‘ஈடு செய்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால், மாணவர்கள் இந்த இரண்டு சொற்களையும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

இருப்பு எவ்வளவு வேகமாகக் கலையும் என்பதை 2011 டிசம்பர் 30-இல் நம் கரையைக் கடந்த தானே புயல் காட்டியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரம் விறகாகிறது, மட்குகிறது, கார்பன் டைஆக்ஸைடாகிறது. காலநிலை மாற்றம் காட்டைத் தாக்குகிறது; தாக்கப்பட்ட காடு காற்றுக்குக் கார்பனைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தச் சுற்றைக் கரும்பலகையில் ஒரு வட்டமாக வரைந்து காட்டினால் போதும்.

சேற்றுக்குள் நடப்பது

நெல் வயலுக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானதும் பாடநூல்கள் வேகமாகக் கடந்துபோவதும் இதுதான்.

நெல்லும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஏராளமான கார்பன் டைஆக்ஸைடை எடுக்கிறது. ஆனால் அரிசியை நாம் உண்கிறோம், வைக்கோலை மாடு தின்கிறது. ஓராண்டுக்குள் அந்தக் கார்பனில் பெரும்பகுதி மூச்சாகத் திரும்பிவிடும். ஆகவே அதைச் சேமிப்பாக எண்ணுவதில்லை. கணக்கில் வருவது வேறொரு வாயு, மீத்தேன்.

வயலில் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று இறங்காது. சில நாட்களில் மண்ணிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அப்போது ஆக்ஸிஜன் தேவைப்படாத ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கும். வைக்கோல், வேர்க்கசிவு, பழைய தாள் ஆகியவை மட்கி வரும் பொருள்களிலிருந்து இவை மீத்தேனை உருவாக்குகின்றன. இவற்றின் உறவினர்கள்தான் மாட்டின் முதல் இரைப்பையிலும் இருக்கிறார்கள். மாடு விடும் ஏப்பத்திலும் மீத்தேன் உண்டு.

உருவான மீத்தேன் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம். குமிழாக மேலே வருவது கொஞ்சமே. பெரும்பகுதி நெற்பயிருக்குள்ளேயே நுழைந்து வெளியேறுகிறது. நீருக்குள் நிற்கும் வேருக்கு மேலிருந்து காற்றைக் கொண்டுபோக, நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு இருக்கிறது. தண்டைக் குறுக்கே வெட்டிச் சாதாரண கைலென்ஸில் பார்த்தாலே துளைகள் தெரியும். ஆக்ஸிஜன் கீழே போகும் அதே குழாயில் மீத்தேன் மேலே வருகிறது. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய ஆக்ஸிஜன் படலத்தில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் வேறு குடியிருக்கின்றன. உருவானதில் ஒரு பங்கை அவை தீர்த்துவிடுகின்றன. நாம் அளப்பது இந்த இரு கூட்டத்தின் போட்டியில் மிஞ்சியதைத்தான்.

மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டைஆக்ஸைடைவிட 27 மடங்கு வெப்பம் சேர்க்கும். இதை வைத்து ஒரு காணிக்குக் கணக்குப் போடலாம். புதுச்சேரிக் காணி 100 குழி, 0.535 ஹெக்டேர். தெற்காசியாவில் தொடர்ந்து நீர் நிற்கும், கரிம எரு இடாத வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று ஐ.பி.சி.சி. 2019-இல் ஒரு சராசரி தந்திருக்கிறது. 110 நாள் என்று வைத்துக்கொண்டால் 0.535 × 0.85 × 110 = 50 கிலோ. அதை 27-ஆல் பெருக்கினால் 1,350 கிலோ கார்பன் டைஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. அதாவது ஒரு காணி, ஒரு போகம், ஏறத்தாழ 590 லிட்டர் பெட்ரோல்.

எட்டாம் வகுப்பில் இந்தக் கணக்கை முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “அப்போ எங்கப்பா நெல்லு நடறது தப்பா மிஸ்?” என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் அவளைப் போலவே நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள்; மீதிப் பேரில் பலருடைய அம்மாக்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

அவள் கேட்டதை நாடே ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது. 1990-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை நம் பரப்பளவால் பெருக்கிக் கிடைத்த எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் அறிவியலாளர்கள் 1991-இல் நாட்டின் பல பகுதி வயல்களில் இறங்கி அளந்தார்கள். பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிட இடைவெளிகளில் ஊசிக்குழாயால் உள்காற்றை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கும் எளிய முறைதான். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். முன்பு சொன்னதில் பத்தில் ஒரு பங்கு. நம் வயல்களில் பெரும்பகுதி மழையை நம்பியவை, இடையிடையே காய்பவை, மண்ணும் வேறு. பெட்டியோடு சேற்றில் இறங்காமல் இது தெரிந்திருக்காது.

அதே 1991-இல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வேறொரு கேள்வி எழுப்பினார்கள். ஓர் ஏழை விவசாயியின் நெல்லிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் வாயுவை, வசதிக்காக ஓடும் காரின் புகையோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா? பிழைப்புக்கான வெளியேற்றம் வேறு, சொகுசுக்கான வெளியேற்றம் வேறு என்பது அவர்கள் வாதம். இன்றும் சராசரி இந்தியர் ஆண்டுக்கு 2 டன் அளவு கார்பன் டைஆக்ஸைடுக்குக் காரணமாகிறார். சராசரி அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்னது: நெல் நடுவது தப்பில்லை. அந்த 1,350 கிலோவை எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பதால் வகுத்துப் பார். உங்கள் காணியில் எத்தனை மூட்டை கண்டது என்று அப்பாவிடம் கேட்டு வா. இன்னொரு கேள்வியையும் கரும்பலகையில் எழுதினேன். வில்லியனூர்ப் பக்கம் வயல்கள் மனையாகின்றன. மனையானால் மீத்தேன் நின்றுவிடும். அப்படியானால் மனை நல்லதா? மழைநீர் எங்கே இறங்கும், அரிசி எங்கிருந்து வரும், சிமெண்டுக்கு எவ்வளவு எரிபொருள் என்று பிள்ளைகளே பட்டியலிட்டார்கள். ஒரே ஓர் எண்ணை வைத்து நிலத்தை மதிப்பிட முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குறைக்க வழி உண்டா

உண்டு. அதற்கு நம் மொழியில் பெயரும் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். நீரை எப்போதும் கட்டி வைக்காமல், பாய்ச்சி, வடியவிட்டு, மறுபடி பாய்ச்சுவது. காற்று மண்ணுக்குள் இறங்கும்போதெல்லாம் மீத்தேன் ஆர்க்கியாக்களின் வேலை நிற்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஓர் எளிய கருவியைப் பரப்பியது. 30 செ.மீ. நீளமுள்ள அகலமான பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் புதைக்க வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரங்களிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பல முறை காயவிட்ட வயலில் மீத்தேன் 55 சதவீதமாகக் குறையும் என்று ஐ.பி.சி.சி. கணக்கிடுகிறது. நம் காணியில் 50 கிலோ 27-ஆகும். நீரும் 30 சதவீதம் வரை மிச்சமாகும். பாகூர்ப் பக்கம் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்த்த குடும்பங்களுக்கு மீத்தேனைவிட இதுதான் பெரிய செய்தி.

வைக்கோலை எப்போது மடக்கி உழுகிறோம் என்பதும் கணக்கை மாற்றும். ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோலை நடவுக்குச் சற்று முன் சேற்றில் மடக்கினால் மீத்தேன் ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாக உழுது காற்றோட்டத்தில் மட்கவிட்டால் ஒன்றரை மடங்கோடு நிற்கும்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மண்ணைக் காயவிட்டால் மூன்றாவது வாயு சற்றுக் கூடும். யூரியாவின் நைட்ரஜனில் ஒரு சிறு பகுதியை மண் நுண்ணுயிரிகள் நைட்ரஸ் ஆக்ஸைடாக்குகின்றன. அது கார்பன் டைஆக்ஸைடைப்போல் 273 மடங்கு. நீர் நிற்கும் நெல் வயலில் இட்ட நைட்ரஜனில் 0.3 சதவீதம் இப்படிப் போகும். காய்ச்சலும் பாய்ச்சலுமான வயலில் 0.5 சதவீதம். காணிக்கு 45 கிலோ மூட்டை இரண்டு இட்டால் இந்தக் கூடுதல் சுமார் 35 கிலோ கார்பன் டைஆக்ஸைடுக்குச் சமம். மீத்தேனில் மிச்சமாவதோ 600 கிலோ. பத்தாம் வகுப்பு மாணவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். கரும்பு, மணிலா போன்ற மேட்டு நிலங்களில் மீத்தேன் அநேகமாக இல்லை. அங்கே யூரியாதான் முதன்மைக் கணக்கு.

வயல் விடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வயல் படுவதை மறந்துவிடுவோம். காற்றில் கார்பன் டைஆக்ஸைடு கூடினால் நெல் கூடுதலாக வளரும் என்பது உண்மை. ஆனால் அரிசியில் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. பிலிப்பைன்ஸில் அதே நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் எடுத்த கணக்கு 2004-இல் வெளியானது: இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது. இரவிலும் பயிர் வேகமாகச் சுவாசித்து, பகலில் சேர்த்ததைச் செலவழித்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர் வயல்களில் நின்றது. அங்கே காய்ச்சலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, மூழ்கிய சம்பாதான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

சம்பா நடவு முடிந்த பிறகு செய்வது வசதி. வயல் சேற்றை இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் பாதியளவு நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் பொடியாக நறுக்கிய வைக்கோலைக் கலந்து, இரண்டிலும் சேற்றுக்கு மேல் நீர் ஊற்றி, வாயில் பலூன் மாட்டி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் எந்தப் பலூன் முதலில் எழுகிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். பலூனில் சேர்வது மீத்தேன் மட்டுமல்ல, கார்பன் டைஆக்ஸைடும்தான் என்பதைச் சொல்லிவிடுங்கள். மூன்றாவதாக ஒரு மூடிய ஜாடியில் ஈரமான தோட்டத்து மண்ணையும், சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரையும் வைத்தால், நீர் பால்போல் மாறி மண்ணின் சுவாசத்தைக் காட்டும். மண் இல்லாத ஜாடி ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். பலூன் வாயுவை யாரும் கொளுத்திப் பார்க்கக் கூடாது. வைக்கோல் புட்டியை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய்த் திறங்கள், வாடை தாங்காது.